மூக்குத்தி பளிச், கண் மங்கல்: வாசகர் கேள்வி - பதில்

போன இதழில், வெளியில் எடுக்கும் போர்ட்ரெய்ட் படங்களில் என்ன சிக்கல் வருகிறது என்று எழுதச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: முகம் ஷார்ப்பாக வரவில்லை. சிலர் படங்களையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள், அது பெரிய உதவி. 'ஷார்ப்பாக இல்லை' என்ற ஒரே வார்த்தைக்குள் நாலைந்து வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி கேமராவும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் இருக்கின்றன. தென்னந்தோப்பில் தங்கையை உட்காரவைத்து எடுத்தேன். கேமரா திரையில் அருமையாகத் தெரிகிறது, கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் கண் மங்கல். நாற்பது படத்தில் ஆறோ ஏழோதான் தேறின. லென்ஸ் கோளாறா? (வாசகர், பொள்ளாச்சி)

லென்ஸ் மேல் தப்பில்லை. நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் தங்கையின் ஜிமிக்கியில் தொங்கும் மணிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். இரண்டாவதில் காதுக்குப் பின்னால் வைத்திருக்கும் மல்லிகையின் காம்பு வரை தெரிகிறது. மூன்றாவதில் மூக்குத்திக் கல் பளிச்சென்று இருக்கிறது, அதற்கு இரண்டு விரல்கடை பின்னால் இருக்கும் கண் மங்கிவிட்டது. படத்தில் ஏதோ ஓர் இடமாவது இப்படி ஷார்ப்பாக இருந்தால் லென்ஸ் நன்றாக இருக்கிறது, கை ஆடவில்லை, ஷட்டர் வேகமும் போதும் என்று அர்த்தம். ஃபோகஸ் விழுந்த இடம்தான் தவறு. அதனால் மங்கலான படம் கையில் வந்தால் முதலில் அதில் எது ஷார்ப்பாக இருக்கிறது என்று தேடுங்கள். மூக்குத்தியா, கண்ணா, ஜிமிக்கியா, பூவா, பின்னாலிருக்கும் தென்னை மட்டையா? பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

இப்போது ஏன் இப்படி ஆகிறது என்று பார்ப்போம். முன்னும் பின்னும் ஷார்ப்பாக வரும் ஆழத்தை ஸ்டுடியோக்காரர்கள் டெப்த் என்பார்கள். எஃப் எண் லென்ஸின் திறப்பை (அப்பர்ச்சர்) குறிக்கும், எண் சின்னதானால் திறப்பு பெரிது, டெப்த் குறைவு. உங்கள் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுத்தால் அந்த டெப்த் மொத்தமே சுமார் ஆறரை செ.மீ.தான். ஒரு மீட்டருக்கு நெருங்கிவிட்டால் மூன்று செ.மீ. கூட இல்லை. மூக்கு நுனியிலிருந்து கண்ணுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் இருக்கிறதே! அந்த மூன்று செ.மீ.-ஐ எங்கே வைப்பது என்று நீங்கள் முடிவு செய்யாவிட்டால் கேமரா முடிவு செய்துவிடும். வ்யூஃபைண்டரில் தெரியும் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளையும் ஆட்டோவில் விட்டிருந்தால் அது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும், முகத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் இருப்பது மூக்கு. மூன்றாவது படத்தின் கதை இதுதான்.

முதல் இரண்டு படங்களின் கதை வேறு. நடுப் புள்ளியைக் கண்ணில் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, கேமராவைக் கொஞ்சம் திருப்பி ஃப்ரேமைச் சரிசெய்து எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படித் திருப்புவதால் ஃபோகஸ் தப்பிவிடும் என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் இந்த லென்ஸில், இந்தத் தூரத்தில், திருப்புவதால் மட்டும் வரும் பிழை பெரும்பாலும் ஒரு செ.மீ.-க்கும் குறைவுதான். திருப்பும்போது உடம்பும் கூடவே முன்னால் சாய்கிறது, அதுதான் பெரிய வில்லன். நீங்கள் நாலு செ.மீ. முன்னே சாய்ந்தால் ஃபோகஸும் நாலு செ.மீ. பின்னே போய்விடும், கண்ணை விட்டுக் காதை நோக்கிப் போய்விடும். ஜிமிக்கி ஷார்ப்பானது அப்படித்தான். எதிரில் உட்கார்ந்திருப்பவரும் சிலையில்லை, மூச்சு விடுவார், சிரிப்பார், தலையை ஆட்டுவார்.

அதனால் மூன்று வேலை செய்யுங்கள். ஃபோகஸ் புள்ளியை ஒன்றாக்கி, ஃப்ரேமில் கண் வரும் இடத்துக்கு மிக அருகில் உள்ள புள்ளியை நீங்களே தேர்ந்தெடுங்கள். உங்கள் கேமராவில் நடுப் புள்ளி மட்டும்தான் குறுக்கு, நெடுக்கு இரண்டு திசைக் கோடுகளையும் உணரும், ஓரத்தில் இருப்பவை ஒரு திசையை மட்டுமே உணரும் என்பதால் வெளிச்சம் குறைந்த நேரத்தில் அவை கொஞ்சம் தடுமாறும், ஆனால் தோப்பு நிழலில் பகல் வெளிச்சத்துக்கு அவையே போதும். முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் கேமராவுக்குக் கிட்டே இருக்கும் கண்ணைப் பிடியுங்கள். பொட்டைப் பிடிக்காதீர்கள், நல்ல கறுப்புப் பொட்டு கேமராவுக்குச் சுலபமாகச் சிக்கும், ஆனால் நெற்றி கண்ணைவிடக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது, அந்தக் கொஞ்சமே இங்கே நிறைய. இரண்டாவது, ஒரே மூச்சில் மூன்று நான்கு படம் எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஃபோகஸ் செய்து. மூன்றாவது வேலைதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்: எஃப் 1.8-ஐ விட்டுவிட்டு எஃப் 2.8-க்கு வாருங்கள். அதே ஒன்றரை மீட்டரில் டெப்த் பத்து செ.மீ. ஆகிவிடும். எஃப் 4 என்றால் பதினான்கு.

"பின்னால் பிளர் போய்விடுமே" என்பீர்கள். போகாது. பின்னணி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தும் பிளர் மாறும். தங்கைக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருக்கும் மரத்தை எஃப் 1.8-இல் எடுத்தால் வரும் பிளரைவிட, பதின்மூன்று மீட்டர் பின்னால் இருக்கும் மரத்தை எஃப் 2.8-இல் எடுத்தால் வரும் பிளர் அதிகம். நான் கணக்குப் போட்டும் பார்த்திருக்கிறேன், எடுத்தும் பார்த்திருக்கிறேன். தென்னந்தோப்பில் மரத்தில் சாய்த்து நிற்கவைக்காமல், வரிசைக்கு நடுவில் நிற்கவைத்துப் பின்னால் நீளமாக இடம் விட்டுப் பாருங்கள். இன்னொன்று, உச்சி வெயிலில் எஃப் 1.8 உங்களுக்கு உதவவும் செய்யாது. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100-இல் நேர் வெயிலுக்கு 1/8000 நொடி அளவுக்கு ஷட்டர் வேண்டும், உங்கள் கேமராவின் உச்சம் 1/4000. படம் வெளுத்துப்போகும்.

கேள்வி: காவிரிக் கரையில் சாயங்காலம் தோழியை எடுத்தேன். 55-250 லென்ஸை 250 வரை இழுத்து, எஃப் 5.6, 1/80, ஐஎஸ்ஓ 200. எங்கே தேடியும் ஷார்ப்பான இடமே இல்லை. ஸ்டெபிலைசர் ஆனில்தான் இருந்தது. (வாசகி, கும்பகோணம்)

எங்குமே ஷார்ப் இல்லை என்றால் ஃபோகஸ் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் அசைவைச் சந்தேகப்படுங்கள். படத்தைப் பெரிதாக்கி, மின்னும் புள்ளிகளைப் பாருங்கள். தோழியின் தோட்டுக் கல்லில் விழுந்த வெளிச்சம் புள்ளியாக இல்லாமல் சின்னக் கோடாக இழுபட்டிருக்கிறது, கண்ணுக்குள் இருக்கும் வெளிச்சமும் அதே சாய்வில் கோடாக இருக்கிறது, அவர் நிற்கும் படித்துறைக் கல்லின் விளிம்பும் அப்படியே. எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. படிக்கல் நறுக்கென்று இருந்து, முகமும் கையும் மட்டும் குழைந்திருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். ஃபோகஸ் தப்பியிருந்தால் இந்தக் கோடு வராது, புள்ளி உருண்டையாக ஊதியிருக்கும். இந்த வித்தியாசத்தைக் கண் ஒருமுறை பழகிக்கொண்டால் பிறகு மறக்காது.

250 மி.மீ. என்பது உங்கள் கேமராவின் சின்ன சென்சாரில் 400 மி.மீ. மாதிரி. கையில் பிடித்து எடுக்க 1/400 என்பது பழைய கைக்கணக்கு. ஸ்டெபிலைசர் இருந்தால் அதற்குக் கீழேயும் போகலாம்தான், ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தை மட்டும் தாங்கும். தோழி தலையைத் திருப்பினாலோ காற்றில் முடி பறந்தாலோ அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆளை எடுக்கும்போது 1/250-க்குக் கீழே நான் போவதில்லை. நீங்கள் 1/500 வைத்திருந்தால் ஐஎஸ்ஓ 1250 ஆகியிருக்கும். ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் குருணை (நாய்ஸ்) வருமே என்ற பயம்தான் உங்களை 200-இலேயே கட்டிப்போட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். குருணையை அப்புறம் குறைத்துக்கொள்ளலாம், அச்சில் அது அவ்வளவாகத் தெரியவும் தெரியாது. ஷேக் ஆன படத்தை யாராலும் மீட்க முடியாது. மேனுவல் மோடில் 1/500, எஃப் 5.6 என்று வைத்து ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடுங்கள், கவனத்தை முகத்தின் மேல் வைக்கலாம்.

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. ஓடிக்கொண்டே இருக்கிறாள். நிக்கான் டி3500. ஓடி வரும் படம் ஒன்றுகூடச் சரியாக விழவில்லை. (வாசகர், திருநெல்வேலி)

ஓடும் குழந்தை நொடிக்கு மூன்று மீட்டர் வருகிறாள் என்று வையுங்கள். நீங்கள் பாதி அழுத்திப் பூட்டி, பிறகு முழுதாக அழுத்துவதற்குள் அரை நொடி போனால் அவள் ஒன்றரை மீட்டர் முன்னால் வந்துவிட்டாள். பூட்டிய ஃபோகஸ் அவள் முன்பு இருந்த இடத்துப் புல்லில் கிடக்கிறது. ஏஎஃப்-எஸ் என்ற மோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு. ஓடுபவர்களுக்கு ஏஎஃப்-சி, அதில் பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருக்கும் வரை கேமரா விடாமல் பின்தொடரும். கேனானில் இதற்குப் பெயர் ஏஐ சர்வோ. ஷட்டர் 1/1000 வையுங்கள், 1/125 நொடிக்குள் அவள் இரண்டரை செ.மீ. நகர்ந்துவிடுகிறாள், 1/1000-இல் மூன்று மி.மீ.தான். முக்கியமாக, அவள் உங்களை நெருங்கும் முன்பே தூரத்திலிருந்து பின்தொடர ஆரம்பியுங்கள், கேமராவுக்கு அவள் வேகத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் வேண்டும். நீங்களும் மண்டியிட்டு அவள் கண் உயரத்துக்கு இறங்கிவிடுங்கள்.

ஊஞ்சல் இருந்தால் இன்னும் சுலபம். ஊஞ்சல் முன்னால் வந்து திரும்பும் உச்சியில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் பின்னால் போகும். அந்த இடத்துக்கு ஃபோகஸை வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டுக் காத்திருங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு, அதே சிரிப்போடு வருவாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் பூங்காவுக்குப் போனால் முதலில் ஊஞ்சலைத்தான் தேடுவேன்.

கேள்வி: யூவி ஃபில்டர் போட்டால் ஷார்ப்னஸ் குறையுமா? (வாசகர், சேலம்)

நல்ல ஃபில்டர் என்றால் கண்ணுக்குத் தெரியும்படி குறையாது. மலிவான கண்ணாடி என்றால் குறையும், அதுவும் சாயங்காலச் சூரியன் எதிரில் இருக்கும்போது முகத்தின் மேல் ஒரு வெண்படலம் விழும், ஆட்டோஃபோகஸும் தேட ஆரம்பிக்கும். எதிர்வெயிலில் எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். லென்ஸ் ஹூட் போடுங்கள், இல்லையென்றால் கூட வந்தவரை லென்ஸுக்கு மேலே கையால் நிழல் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உப்பளத்தில் வேலை செய்பவர்களைப் படமெடுக்கப் போனேன். மதியம், 70-300 லென்ஸ், டிரைபாட், 1/2000. இவ்வளவும் இருந்தும் எல்லாப் படமும் தண்ணீருக்குள் இருந்து எடுத்தது மாதிரி. (வாசகர், தூத்துக்குடி)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உங்கள் மேல் தனி மரியாதை வந்தது, உப்பள வெயிலில் மதியம் நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை. கேமராவும் நீங்களும் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறீர்கள். கெடுத்தது காற்று. தரை கொதிக்கும்போது அதை ஒட்டிய காற்று சூடாகி மேலே எழும், சூடான காற்றும் ஆறிய காற்றும் வெளிச்சத்தை வேறு வேறு அளவுக்கு வளைக்கும், நடுவில் நெளிகிறதே கானல், அதன் வழியாகத்தான் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். ஷட்டர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் நெளிந்த முகம் நெளிந்தபடியே உறையும். டிரைபாடும் உதவாது, விலை உயர்ந்த லென்ஸும் உதவாது.

உங்களுக்கும் ஆளுக்கும் நடுவில் இருக்கும் காற்றைக் குறைப்பதுதான் வழி. அறுபது மீட்டர் தள்ளி நின்று 300-இல் இழுக்காமல், பக்கத்தில் போய், பேசி, அனுமதி கேட்டு, ஐந்து மீட்டரில் நின்று எடுங்கள். முகமும் நன்றாக வரும், அவருக்கும் தன்னை யாரோ ஒளிந்து எடுக்கிறார்கள் என்ற சங்கடம் இருக்காது. நேரத்தையும் மாற்றுங்கள். விடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் தரை இன்னும் சூடாகியிருக்காது, வெயிலும் சாய்வாக விழும், வெள்ளை உப்பு கீழேயிருந்து முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இப்படி ஒரு ரிஃப்ளெக்டரை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கேள்வி: போனில் போர்ட்ரெய்ட் மோடில் எடுத்தால் முடி ஓரத்தில் வெட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. ஜிமிக்கியும் பாதி மங்கிவிடுகிறது. (வாசகி, விழுப்புரம்)

போன் கேமராவின் சென்சார் சின்னது, அதனால் அந்தத் தூரத்தில் இயல்பாகவே முகமும் பின்னணியும் ஏறக்குறைய ஒன்றாக ஷார்ப்பாக வந்துவிடும். நீங்கள் பார்க்கும் பிளர் போன் கணக்குப் போட்டுச் சேர்த்தது. எது முகம், எது பின்னணி என்று அது ஓரம் கண்டுபிடித்து வெட்டுகிறது. பறக்கும் முடி, பூச்சரத்தின் இடைவெளி, ஜிமிக்கி வளையத்துக்குள் தெரியும் ஓட்டை, கண்ணாடிக் காம்பு, இவையெல்லாம் அதற்குக் குழப்பம். பின்னணியை எளிமையாக்குங்கள், இலை இலையாக இருக்கும் செடிக்கு முன்னால் நிற்காமல், தூரத்தில் ஒரே நிறமாக இருக்கும் சுவருக்கோ வயலுக்கோ முன்னால் நிற்கவையுங்கள், முக்கால்வாசிப் பிரச்சினை போய்விடும். பிளர் அளவையும் பாதிக்குக் குறையுங்கள். அதற்கும் முன்னால் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். நாள் முழுக்க விரல் படும் இடம் அது, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் எந்த மோடிலும் படம் புகைமூட்டமாகத்தான் வரும். கண்ணின் மேல் ஒருமுறை தொட்டுவிட்டு எடுங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு ஜூம் வேண்டாம், வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் ஜூம் லென்ஸை விட்டுவிட்டு முதல் கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்துவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயது, தடித்த கண்ணாடி. வீட்டு வாசலில் வைத்து எடுத்தால் கண்ணாடி ஃப்ரேம்தான் ஃபோகஸ் ஆகிறது, கண்ணாடியில் வானம் வேறு தெரிகிறது. (வாசகர், காரைக்குடி)

உங்கள் ஊரில் இருந்துகொண்டு வாசலில் நிற்கவைத்து எடுக்கிறீர்களே! திண்ணையில் உட்காரவையுங்கள். போர்ட்ரெய்ட்டுக்குத் திண்ணையைப் போல ஓர் இடம் கிடையாது. மேலே கூரை இருப்பதால் உச்சி வெயில் கண்ணுக்குக் கீழே குழி போடாது, தெருப் பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் மெதுவாக வரும், முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியாகத் தெரியும். ஷார்ப் என்று நம் கண்ணுக்குத் தோன்றுவதில் ஃபோகஸுக்கு இருக்கும் பங்கு வெளிச்சத்துக்கும் இருக்கிறது. தட்டையான வெளிச்சத்தில் சரியான ஃபோகஸ்கூட மந்தமாகத் தெரியும்.

கண்ணாடியில் தெரியும் வானத்துக்கு, மோவாயைச் சற்றே இறக்கச் சொல்லுங்கள், அல்லது கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேலே ஒரு விரல்கடை தூக்கி வையுங்கள், கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், வானம் போய்விடும். எதிரிலிருந்து பார்த்தால் காம்பு தூக்கியிருப்பது தெரியாது. ஃபோகஸுக்கு எஃப் 4-க்குக் கீழே போகாதீர்கள், ஃப்ரேமும் கண்ணும் இரண்டும் டெப்த்துக்குள் அடங்கிவிடும். லைவ் வ்யூவில், அதாவது கேமரா திரையில் நேரடியாகப் பார்த்து, பத்து மடங்கு பெரிதாக்கி, இமை ரோமம் பிரிந்து தெரியும் வரை கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். அப்பா பொறுமையாக உட்காருவார் என்றால் இதைவிடத் துல்லியமான முறை இல்லை.

கேள்வி: காரிலிருந்து இறங்கி எடுத்த முதல் இருபது படங்களும் பனி மூடியது மாதிரி இருக்கின்றன. கடற்கரையில் பனி ஏது? (வாசகர், சென்னை)

ஏசி காரில் குளிர்ந்த லென்ஸின் மேல் கடற்கரையின் ஈரக் காற்று பட்டதும் நீர்த்திவலை படிந்துவிட்டது, குளிர்ந்த சொம்பில் வியர்க்கிறதே, அதேதான். துடைத்தால் மறுபடி படியும். கேமராவைப் பையோடு டிக்கியில் வையுங்கள், இல்லையென்றால் இறங்குவதற்கு அரை மணி முன்பே ஏசியை நிறுத்திவிடுங்கள். ஈரம் பட்ட லென்ஸை அப்படியே பைக்குள் மூடி வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

கேள்வி: என் லென்ஸ் பின்னால் ஃபோகஸ் செய்கிறது, சர்வீஸுக்குக் கொடு என்கிறார் நண்பர். எப்படி உறுதி செய்வது? (வாசகர், ஈரோடு)

பணம் செலவழிக்கும் முன் அரை மணி நேரம் செலவழியுங்கள். செய்தித்தாள் ஒன்றை வெளிச்சமான சுவரில் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி டிரைபாடில் கேமராவை நேராக வைத்து, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, வ்யூஃபைண்டர் வழியாக நடுப் புள்ளியில் பத்துப் படம் எடுங்கள், ஒவ்வொரு படத்துக்கு முன்பும் வளையத்தைத் திருப்பி ஃபோகஸைக் கலைத்துவிட்டு. அப்புறம் லைவ் வ்யூவில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து பத்து. லைவ் வ்யூவில் எழுத்து நறுக்கென்று இருந்து, வ்யூஃபைண்டரில் பத்தும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் நண்பர் சொன்னது சரி. கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே கொடுங்கள், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் அங்கே பிரச்சினை. 80டி, 90டி, நிக்கான் டி7500 போன்றவற்றில் இதை நீங்களே மெனுவில் திருத்தலாம், 1500டி, டி3500 போன்றவற்றில் அந்த வசதி இல்லை. வ்யூஃபைண்டர் படங்கள் சில ஷார்ப், சில மங்கல் என்று கலந்து வந்தால் அது லென்ஸின் நிலையான பிசகு இல்லை, பொள்ளாச்சி வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள். லைவ் வ்யூவிலும் மங்கல் என்றால் லென்ஸையே பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம், நீங்கள் அனுப்பிய படங்கள் வாட்ஸ்அப் வழியாக வந்தவை. அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், அந்தப் படத்தை வைத்து லென்ஸுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. டாக்குமென்டாக இணைத்து அனுப்பினால் அசல் அப்படியே வரும். ஆல்பம் அச்சுக்குக் கொடுப்பவர்களும் இதைக் கவனியுங்கள். 12-க்கு 18 அங்குலப் பக்கத்துக்கு 3600-க்கு 5400 பிக்சல் வேண்டும், உங்கள் 24 மெகாபிக்சல் கேமரா அதைத் தாராளமாகத் தருகிறது, வழியில் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: அம்மா போன வருடம் தவறிவிட்டார். கிணற்றடியில் அவர் சிரிப்பதை நான் எடுத்த ஒரே படம், கண் லேசாக மங்கல். பெரிதாக அச்சிட்டு மாட்ட ஆசை. இதை ஷார்ப்பாக்க முடியுமா? (வாசகி, தென்காசி)

இந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. பெரியம்மா முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்திருக்கிறார், நான் புதிதாக வாங்கிய லென்ஸை முழுதாகத் திறந்து எடுத்தேன், மூக்குத்தியின் ஒற்றைக் கல் அப்படி ஜொலிக்கிறது, கண் இல்லை. அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன், அடுத்த முறை வரவில்லை. எஃப் 2.8, எஃப் 4 என்று எல்லாருக்கும் நான் சலிக்காமல் எழுதுவது அதனால்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஷார்ப்பன் செய்யும் கருவி விளிம்புகளின் கறுப்பு வெளுப்பைக் கூட்டிக் காட்டும், பதிவாகாத இமை ரோமத்தைக் கொண்டுவராது. லேசாகச் செய்யுங்கள், கண்ணுக்கு மட்டும், தோலுக்கு வேண்டாம். இப்போது வரும் ஏஐ கருவிகள் ஒரு நொடியில் பளிச்சென்ற கண்ணை வரைந்து கொடுத்துவிடும். அது உங்கள் அம்மாவின் கண்ணாக இருக்காது, எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பழகிய கருவி ஊகித்த கண். முதலில் நன்றாகத்தான் தெரியும், தினமும் பார்க்கும் சுவரில் மாட்டினால் ஏதோ ஒன்று உறுத்த ஆரம்பிக்கும். பெரியம்மா படத்தில் நான் அதைச் செய்து பார்த்துவிட்டு அழித்துவிட்டேன்.

படத்தைச் சின்னதாக அச்சிடுங்கள். மங்கல் என்பது பெரிதாக்கினால்தான் பெரிதாகும். 5-க்கு 7 அங்குலத்தில், மேட் தாளில், கறுப்பு வெள்ளையாக மாற்றி, கொஞ்சம் குருணை சேர்த்து அச்சிட்டால் அந்தக் குருணையே கண்ணுக்கு ஒரு பிடிமானம் கொடுக்கும், கையெட்டும் தூரத்தில் மங்கல் தெரியாது. சுற்றிலும் அகலமாக வெள்ளை விட்டுப் பெரிய சட்டத்தில் போட்டால் சுவரில் நிறைவாகவே இருக்கும். ஸ்டுடியோவில் கொடுக்கும்போது 'ஷார்ப்பன் செய்ய வேண்டாம்' என்று சொல்லியே கொடுங்கள், சில இடங்களில் கேட்காமலே செய்துவிடுகிறார்கள். அசல் ஃபைலை இரண்டு தனித்தனி இடங்களில் வைத்திருங்கள். அப்புறம், கிணற்றடியில் அன்றைக்கு எடுத்த மற்ற படங்களையும், மங்கல் என்று ஒதுக்கியவற்றையும் சேர்த்து, இன்னொரு முறை பொறுமையாகத் திறந்து பாருங்கள். அடுத்தடுத்து எடுத்ததில் ஒன்றிலாவது கண் ஷார்ப்பாக விழுந்திருக்க வாய்ப்பு உண்டு.